அவருடைய மாத்திரை

என் தலையில் கோளாறு ஒன்றும் இல்லை என்பதை எப்படிச் சொல்வது? சத்தமாகச் சொன்னால் அதுவே ஓர் அடையாளம் என்பார்கள். மெதுவாகச் சொன்னால், பாவம், மாத்திரை வேலை செய்கிறது என்பார்கள். பேசாமல் இருந்தால் எந்நேரமும் எதையோ யோசித்துக்கொண்டே இருக்கிறாள் என்பார்கள். நன்றாக இருக்கிறவர்கள் எப்படி இருப்பார்கள்? அது எனக்கே மறந்துபோகும்போல இருக்கிறது.

பச்சரிசியைக் களைந்துகொண்டிருந்த அகிலாவுக்குள் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்கு மாவிளக்கு. அவள் தலையில் வைக்கப்போகும் மாவிளக்குக்கு அவளே அரிசி ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒரு கை போடுமா," என்றாள் மாமியார் காமாட்சியம்மாள், கூடத்திலிருந்து. "மாவு பத்தலன்னா விளக்கு சட்டியில நிக்காது. பாதி வழியில அணைஞ்சிடுச்சுன்னா மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடும்."

"சரி அத்தை."

"உனக்கு முடியலன்னா சொல்லு. நான் வந்து களையறன்."

"முடியுது அத்தை."

புதுச் சட்டி அலமாரியின் மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கழுவி, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து எல்லாம் ஆகிவிட்டது. கார்த்திகை மாத ஞாயிற்றுக்கிழமைகளில் கச்சபேஸ்வரர் கோயில் குளத்தில் தலை முழுகி, புது மண்சட்டியில் மாவிளக்கு ஏற்றித் தலையில் சுமந்தபடி கோயிலைச் சுற்றி வந்தால், தலையில் உள்ள கோளாறு எதுவானாலும் விலகும். பிறந்த ஊரான தாமலிலிருந்து சின்ன வயதில் அம்மாவோடு வந்து அகிலாவும் பார்த்திருக்கிறாள். ஈரத் துணியோடு, தலையில் எரியும் சுடரோடு, ஆட்கள் வரிசையாகப் போவார்கள். தீராத தலைவலிக்காரர்கள், காதில் சீழ் வடிகிறவர்கள், வலிப்பு வந்த பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி அம்மாக்கள். சில பெண்களை இரண்டு பக்கமும் ஆள் பிடித்து நடத்திக்கொண்டு போவார்கள். அவர்களை மட்டும் அம்மா பார்க்கவிடமாட்டாள். "அந்தாண்ட திரும்பு," என்பாள்.

நாளைக்குத் தன்னைக் கண்டதும் எத்தனை அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளைத் திருப்புவார்கள் என்று அகிலா நினைத்துக்கொண்டாள். நினைத்தபோது கோபம் வரவில்லை. அலுப்புதான் வந்தது. சில மாதங்களாகவே எதற்கும் கோபம் வராமல் அலுப்பு மட்டும் வந்துகொண்டிருந்தது.

இத்தனைக்கும் கோளாறு என்று ஒன்று இருந்தது உண்மைதான். அது அவள் தலையில் இல்லை. யார் தலையிலும் இல்லை.

பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் வீட்டில் கூடத்தை முக்கால்வாசி தறி அடைத்துக்கொண்டிருந்தது. பின்னால் ஓர் அறை, அதற்கப்பால் சமையலறை. காமாட்சியம்மாள் தறிக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுப்பாள். அறைக்குக் கதவு உண்டு. ஆனால் தாழ்ப்பாள் போட்டால் அந்தச் சத்தம் கூடம் முழுவதும் கேட்கும். போடாவிட்டால் கதவு தானாகத் திறந்துகொள்ளும். கல்யாணமான முதல் வாரத்திலேயே அவள் கணவன் தினேஷ் ஒரு வழி கண்டுபிடித்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா காமாட்சியம்மன் கோயிலுக்குப் போவாள். அந்த நேரம் வீடு அவர்களுடையது.

ஜன்னல் ஓரமாக நின்று அம்மா தெருமுனை திரும்புகிறாளா என்று பார்ப்பான். திரும்பியதும் வந்துவிடுவான். வந்த பிறகும் அவன் காது மட்டும் ஜன்னலிலேயே இருக்கும். தெருவில் ஆட்டோ நின்றால் அவன் உடம்பு ஒரு கணம் கல்லாகும். அவள் மெல்ல ஒன்றைத் தொடங்கியிருப்பாள், அவனுக்கு அது முடிந்திருக்கும். சேர்வதற்கு முன்பே முடிந்துபோன நாட்கள்தான் அதிகம். ஆரம்பத்தில் இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு அவன் சிரிப்பதை நிறுத்தினான். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கத் தொடங்கினான்.

அதன்பின் வெள்ளிக்கிழமைகள் அவனைத் தேற்றுவதில் போயின. பரவாயில்லைங்க. எல்லாருக்கும் அப்படித்தானாம். களைப்பா இருக்கும். ஒவ்வொரு வாரமும் அவள் சொல்வதற்குப் புதிதாக ஒன்றைத் தேட வேண்டியிருந்தது. எதைச் சொன்னாலும் அவனுக்கு அது குத்தலாகவே கேட்டது. ஒன்றும் சொல்லாமல் இருந்து பார்த்தாள். "மனசுக்குள்ள சிரிக்கிற இல்ல?" என்றான். அவள் மனசுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. தனக்கு ஏதாவது வேண்டியிருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கும் இடத்துக்கு அவள் போய்ச் சேர்ந்ததே இல்லை. அதற்குள் அவனைத் தேற்ற வேண்டிய நேரம் வந்துவிடும்.

இதற்கு நடுவே, "ஏதாச்சும் விசேஷமா?" என்ற கேள்வியை எல்லோரும் அவளிடமேதான் கேட்டார்கள். அவனிடம் யாரும் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து, மாதம் ஒருமுறை லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியரிடம் தினேஷ் போனான். சின்ன வயதுக் கெட்ட பழக்கத்தால் தாது எல்லாம் போய்விட்டது என்று சொல்லி அவர் ஒரு லேகியம் கொடுத்தார். அதைச் சாப்பிட்டு வயிறுதான் கெட்டது. அதைவிட, தன் வியாதி தானே தேடிக்கொண்டது என்கிற நினைப்பு அவனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று மரத்துப்போக வைக்கும் ஸ்ப்ரே ஒன்று வாங்கிவந்தான். எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும், எப்படிக் கழுவ வேண்டும் என்று அதில் போட்டிருந்ததைப் படிக்கப் பொறுமையில்லை, அம்மா வந்துவிடுவாளே. அன்றைக்கு இரண்டு பேருமே மரத்துப்போய்ப் படுத்திருந்தார்கள்.

கடைசியில் ஒருநாள் தறியில் உட்கார்ந்திருக்கும்போதே போனை அவள் பக்கம் தள்ளி, ஒரு காதில் மாட்டியிருந்த இயர்போனை எடுத்து அவள் காதில் வைத்தான். ஒரு டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். இது ரொம்பப் பேருக்கு இருப்பது, வைத்தியம் உண்டு, மனைவியும் கூட வந்தால் நல்லது என்றார். தினேஷ் தறியில் ஓடும் பாவு இழைகளைப் பார்த்தபடியே கேட்டான்:

"வர்றியா?"

தெரிந்த முகம் எதுவும் இருக்காது என்று செங்கல்பட்டுக்குப் போனார்கள். வீட்டில் கல்யாணத்துக்குப் போவதாகச் சொன்னதால் அகிலா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் ராமராஜன் இருமலைப் பற்றிக் கேட்பதுபோல எல்லாவற்றையும் கேட்டார். எப்போதிலிருந்து, எவ்வளவு சீக்கிரம், தனியாக இருக்கும்போதும் அப்படியா. சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்க்க எழுதிக்கொடுத்தார். பிறகு, "வயசுப் பையனா இருந்தப்ப வீட்ல எங்க படுப்பீங்க?" என்றார்.

தினேஷுக்குப் புரியவில்லை. "கூடத்துல சார். எல்லாரும் ஒண்ணாதான்."

"இப்ப?"

தினேஷ் அகிலாவைப் பார்த்தான். அகிலா வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொன்னாள்.

"அப்பவும் யாராவது முழிச்சிக்கறதுக்குள்ள. இப்பவும் அம்மா வர்றதுக்குள்ள," என்றார் டாக்டர். "சில பேருக்கு உடம்பே பிறப்புலேர்ந்து அப்படித்தான் இருக்கும். சில பேருக்குப் பயமும் அவசரமும் பழக்கம் ஆயிடும். உங்களுக்கு ரெண்டும் கலந்து இருக்கலாம். தாது போச்சு, பலம் போச்சுங்கறதெல்லாம் சுத்தப் பொய். அதை இங்கயே விட்டுட்டுப் போங்க."

ஒரு மாத்திரை எழுதினார். "இது மனச்சோர்வுக்குன்னு வந்த மருந்து. உங்களுக்கு மனச்சோர்வு இருக்குன்னு நான் சொல்லலை. இந்த மருந்து சாப்பிடறவங்களுக்கு அது தள்ளிப்போகும். மத்தவங்க அதைத் தொந்தரவும்பாங்க, நமக்கு அதுதான் வேணும். தினமும் ஒண்ணு. பலன் தெரிய சில வாரம் ஆகும். நீங்களா நிறுத்தக்கூடாது."

அதோடு ஒரு பயிற்சியும் சொன்னார். வந்துவிடும்போல இருந்தால் நிறுத்த வேண்டும். அடங்கும்வரை சும்மா இருந்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். எங்கே நிறுத்த வேண்டும் என்று உடம்பு மெல்லக் கற்றுக்கொள்ளும். "வெள்ளிக்கிழமையை மாத்துங்க. நாள் குறிச்சா அது பரீட்சை ஆயிடும். அப்புறம் முக்கியமா, இதை ஒளிச்சு வெக்கறதுலயே பாதி பலம் போயிடும். ஊருக்குச் சொல்ல வேணாம். உங்களுக்குள்ள ஒளிக்காதீங்க."

எழுந்தபோது அகிலாவிடம் திரும்பினார். "உங்களுக்கு எப்படிம்மா இருக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்ல சார்."

அவர் உடனே அடுத்தவரைக் கூப்பிடவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். அந்தக் கொஞ்ச நேரம் அகிலாவைப் பயமுறுத்தியது. இன்னும் சற்று அவர் காத்திருந்தால், பட்டுப்புடவையோடு அங்கேயே அழுதிருப்பாள். வெளியே வந்து வெகுநேரம் கழித்தும் அந்தக் கேள்வி அவள் பக்கத்தில் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தது. உனக்கு எப்படி இருக்கிறது? அதை இதுவரை யாரும் கேட்டதில்லை. அவளும்தான்.

மாத்திரை சாப்பிட்ட முதல் சில நாட்கள் தினேஷுக்கு வயிற்றைப் புரட்டியது. பிறகு சரியானது. வெள்ளிக்கிழமையை மாற்ற இடமில்லாததால் வெள்ளிக்கிழமையே இருந்தது. ஆனால் தினேஷ் ஜன்னலில் நிற்பதை விட்டான். ஒருநாள் நடுவில், "நில்லு," என்றான். இரண்டு பேரும் அப்படியே அசையாமல் இருந்தார்கள். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் கேட்டது. யாரோ தெருவில் வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டு போனார்கள். அப்போது அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும். சிரித்துக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தாள். இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு நிதானமாக அவன் முகத்தை அதுவரை அவள் பார்த்ததில்லை. அன்றைக்கு ஒன்றும் பிரமாதமாக நடந்துவிடவில்லை. இருந்தாலும் அவன் சுவரைப் பார்த்துத் திரும்பவில்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. தன்னைப் பற்றி அப்படி ஒரு செய்தி கிடைத்ததே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த வாரம், துவைக்கப் போட்ட தினேஷின் சட்டைப் பையிலிருந்து காமாட்சியம்மாள் கையில் அந்த மாத்திரை அட்டை அகப்பட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் பிரவீனா வந்திருந்தாள். காமாட்சியம்மாளின் தங்கை மகள். மெடிக்கல் ஷாப்பில் வேலை.

"இன்னாடி இது, பாரு," என்று காமாட்சியம்மாள் அட்டையை நீட்டினாள். "தலைவலிக்கா?"

பிரவீனா புரட்டிப் பார்த்தாள். "யாருக்கு பெரிம்மா இது?"

"தெரியாமத்தானே கேக்கறன்."

"இது மனசு சரியில்லாதவங்க போடறது. டிப்ரஷனுக்கு. எங்க கடையில சீட்டு இல்லாம தரமாட்டோம்." குரலைத் தாழ்த்தினாள், அப்படித் தாழ்த்தினாலும் அடுப்படிவரை கேட்டது. "நம்ம வீட்ல யாரு பெரிம்மா, ஒரு மாதிரி?"

காமாட்சியம்மாள் தறியில் இருந்த மகனைப் பார்த்தாள். "தினேசு, யாருக்குடா இது?"

அகிலா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். தினேஷ் தலையைத் தூக்கவில்லை.

"அகிலாவுக்கு," என்றான்.

"ஐயோ," என்றாள் பிரவீனா. ஆனால் அவள் கண்கள் பளபளத்தன. "அதான் அண்ணி பேசறதே இல்லயா? நான் திமிருன்னு இல்ல நெனைச்சிக்கினு இருந்தன்!"

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்வதானால் என்ன சொல்வது? இது எனக்கில்லை என்றால், பின்னே எதற்கு என்று பிரவீனா கேட்பாள். கெட்டிக்காரி, ஷாப்பில் யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்வாள். அதற்கப்புறம் இந்தத் தெருவில் தினேஷ் எப்படி நடப்பான்? அகிலா கரண்டியோடு உள்ளே போய்விட்டாள். குழம்பு அடிப்பிடித்திருந்தது.

சாயங்காலம் தினேஷ் அவள் பின்னால் வந்து நின்றான். "யோசிக்கறதுக்குள்ள வாயில வந்துடுச்சு அகிலா. ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க."

மறக்கவில்லை. காமாட்சியம்மாள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் அன்பாக மாறிவிட்டாள். விசேஷமா என்று கேட்பதை அன்றோடு நிறுத்தினாள். "பாவம், பொண்ணு இத்தனை நாளா மனசுக்குள்ளயே வெச்சிக்கினு இருந்திருக்குது," என்று அக்கம்பக்கத்தில் சொல்லி அழுதாள். அகிலாவின் தலையில் நல்லெண்ணெய் வைத்து ஊறவிட்டாள். மாத்திரை அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, தினமும் காலையில் ஒன்றைப் பிய்த்து, டம்ளர் தண்ணீரோடு நீட்டினாள். முதல் நாள் அகிலா அதை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டாள். பிறகு அவனிடம் கொடுத்துவிடலாம் என்று.

"முழுங்கினியாமா? எங்க, வாயத் தொற," என்றாள் காமாட்சியம்மாள், குழந்தையைக் கேட்பதுபோல.

அகிலா விழுங்கினாள். அன்றிலிருந்து தினமும் விழுங்கிக்கொண்டிருந்தாள். வயிறு புரட்டியது, வாய் உலர்ந்தது, காலையிலிருந்தே கொட்டாவி வந்தது. அவர்களுடையது மூன்று நாடாத் தறி; ஊடு இழையை இழுத்துப்போகும் ஓடம்தான் நாடா. புடவையின் உடலுக்கும் இந்தப் பக்கக் கரைக்கும் தினேஷ் நாடா போட்டால், வலப்பக்கக் கரையின் நாடாவை அவன் பக்கத்தில் உட்கார்ந்து அகிலா போட வேண்டும். கொட்டாவிக்கு நடுவில் ஓர் இழை தவறிவிடும். தினேஷ் பேசாமல் பிரித்துவிட்டு மறுபடி போடுவான். கூடத்தில் ராட்டை சுற்றிக்கொண்டிருக்கும் காமாட்சியம்மாள், "அதுக்கு மருந்து வேலை செய்யுதுடா, ஒண்ணும் சொல்லாத," என்பாள்.

வேறு அட்டை வாங்கிக்கொள்ளும்படி அகிலா சொன்னாள். டாக்டரிடம் போய்த் திரும்ப எழுதி வாங்க வேண்டும், என்னவென்று சொல்வது என்றான். சுமந்துகொண்டிருப்பதே அவள்தான் என்று ஆனபின் அவனுக்கு அவசரமில்லை. அதோடு, அவளைத் தனியாக விடக்கூடாது என்று காமாட்சியம்மாள் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். மாத்திரையும் போயிற்று, வெள்ளிக்கிழமையும் போயிற்று. தினேஷ் சற்று நிம்மதியாகக்கூடத் தெரிந்தான். பரீட்சை ரத்தாகிவிட்ட பையனைப்போல.

அரிசியை ஊறப்போட்டுவிட்டு வந்து அகிலா தறியில் உட்கார்ந்தாள். காமாட்சியம்மாள் வெல்லம் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். அவர்கள் மனசுவிட்டுப் பேசுவதெல்லாம் எப்போதும் தறியில்தான். இரண்டு பேர் கண்ணும் துணியில் இருக்கும், முகம் பார்க்க வேண்டியதில்லை.

"நாளைக்கு ஒரு நாள்தானே," என்றான் தினேஷ்.

அவள் நாடாவைத் தள்ளினாள்.

"கடைசி ஞாயிறு. ஒரு சுத்து சுத்திட்டு வந்துட்டா அம்மா மனசு ஆறிடும். அப்பறம் ஒரு மாசம் கழிச்சு, டாக்டர் மாத்திரைய நிறுத்தச் சொல்ட்டாருன்னு சொல்லிடலாம். சாமியால சரியாச்சுன்னு அம்மாவும் சந்தோசப்படும்."

"நீங்க சுமங்களேன்," என்றாள் அகிலா.

"நானா? எனக்கு இன்னான்னு சொல்றது?"

"தலைவலின்னு சொல்லுங்க. ஆம்பளைங்களும்தானே சுமக்கறாங்க."

"நல்லா சொன்ன. இவங்க வீட்ல ரெண்டு பேருக்குமே மண்டையில கோளாறுன்னு பிரவீனா தெரு பூரா தண்டோரா போடுவா."

"இப்ப ஒருத்திக்குன்னு போட்டுக்கினு இருக்கறா."

தினேஷ் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. இரண்டு மூன்று இழைகள் போயின.

"எனக்காக, அகிலா. ஒரு பொம்பளைக்கு மனசு சரியில்லன்னா யாரும் ஒண்ணும் நெனைக்கமாட்டாங்க. ஆம்பளைக்கு இதுன்னா..."

யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். அதை அவன் நிஜமாகவே நம்பினான். அதுதான் அவளைத் திகைக்க வைத்தது. அவள் நாடாவைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அவனுடைய பயம் அவளுக்குப் புரிந்தது. புரிந்து புரிந்துதான் இந்த இடத்துக்கு வந்திருக்கிறாள். முதலில் பரவாயில்லை என்றாள். பிறகு அவனுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு அவன் மாத்திரையை விழுங்கினாள். நாளைக்கு விளக்கு. அதற்கப்புறம் பிள்ளை இல்லாததற்கும் இதுவே காரணமாகும், அவள் தலை. அவள் சிரித்தாலும் காரணம் அது, அழுதாலும் அது. அவன் நிம்மதியாக இருப்பான். மறுபடி செங்கல்பட்டுக்குப் போகவே மாட்டான். "நில்லு" என்று சொல்லிச் சிரித்த அந்த முகத்தை அவள் மறுபடி பார்க்கவே போவதில்லை.

"போடு," என்றான் தினேஷ். அவள் நாடாவைப் போட்டாள். அதை அவன் சரி என்று எடுத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்தே கோயிலில் கூட்டம். குளத்துப் படிகள் முழுவதும் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருந்தன. புதுச்சட்டிகளை அடுக்கி வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அகிலா குளித்துவிட்டு மேலே வந்தாள். கார்த்திகைக் குளிரில் தாடை நடுங்கியது. காமாட்சியம்மாளும் முழுகியிருந்தாள். நேற்றிலிருந்து பட்டினி. மருமகளுக்காக.

"மாத்திரைய எடுத்தாந்திருக்கறன்," என்று முந்தானை முடிச்சைக் காட்டினாள். "விளக்கு எடுத்து முடிச்சிட்டு, ரெண்டு இட்லி சாப்ட்டுட்டு போட்டுக்கலாம். வெறும் வயித்துல வேணாம்."

முடிச்சு ஈரமாக இருந்தது. அதற்குள் கரைந்துபோயிருக்கும் என்று அகிலா நினைத்தாள்.

தெருக்காரி கங்கையம்மாள் தலையில் சும்மாடும் இடுப்பில் பேத்தியுமாக வந்து நின்றாள். "இன்னாக்கா, மருமவளுக்கா? எனக்குப் பொட்டுல அடிக்குதுக்கா, ரெண்டு வருசமா. உனக்கு இன்னாமா, ஒத்தத் தலைவலியா?"

"மனசுக்கு," என்றாள் காமாட்சியம்மாள் மெல்ல.

"ஓ." கங்கையம்மாள் அகிலாவை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பிறகு முகம் இளகி, "சரியாயிடும்மா. என் நாத்தனார் பொண்ண கட்டிப்போட்டு வெச்சிருந்தாங்க. மூணு வருசம் விளக்கு எடுத்தா. இப்ப டெய்லர் கடை வெச்சிருக்கறா," என்றாள். பேத்தியை இடுப்பின் அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு நகர்ந்துபோனாள்.

தினேஷ் இரண்டு படி மேலே செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

காமாட்சியம்மாள் சட்டியில் மாவை அணைத்துக் குழி செய்து, நெய் ஊற்றித் திரியை ஏற்றினாள். காற்றுக்கு முந்தானையால் மறைத்து, சுடர் நின்றதும் அவள் முகத்தில் நிஜமான சந்தோஷம் தெரிந்தது. ஈரத் துண்டைச் சும்மாடாகச் சுருட்டி மகனிடம் நீட்டினாள். "வைடா அவ தலையில." சட்டியை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"குனிம்மா."

தினேஷ் இறங்கி வந்தான். சும்மாட்டை அகிலாவின் தலைக்கு மேல் கொண்டுவந்தபோது, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "எனக்காக," என்றான்.

அகிலா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கமாக அல்ல. கையை மெல்லக் கீழே இறக்கி, சும்மாட்டை அவன் கையிலேயே விட்டாள்.

"வேணாம் அத்தை."

"இன்னாமா, கனமா இருக்குமா? நான் கூடவே புடிச்சிக்கினு வர்றன்."

"கனம் இல்ல அத்தை. இது எனக்கில்ல."

காமாட்சியம்மாளுக்குப் புரியவில்லை. சுடருக்கு மேலாக மருமகளைப் பார்த்தாள், பிறகு முந்தானை முடிச்சைப் பார்த்தாள். "உனக்கில்லன்னா? மாத்திரை... பின்ன யாருக்கு?"

படியேறிப் போகிறவர்கள் ஒதுங்கச் சொல்லி இடித்துக்கொண்டு போனார்கள். தினேஷின் கையில் சும்மாட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் அவளையே பார்த்தான். சொல்லிவிடாதே என்கிற அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கமானதுதான். பயப்பட வேண்டாம், அவள் சொல்லப்போவதில்லை. சொல்ல வேண்டியவன் அவன், அதையும் அவள் எதற்குச் சுமக்க வேண்டும்?

"சொல்லுமா, யாருக்கு?" என்று காமாட்சியம்மாள் மறுபடி கேட்டாள்.

அகிலா தலைமுடியை முன்னால் இழுத்துப் போட்டுப் பிழிந்தாள். ஓரமாகப் போய், வெயில் விழுந்திருந்த படியில் உட்கார்ந்து, தலையைத் துவட்டத் தொடங்கினாள்.